நேப்பிள்ஸில் நல்ல பீட்சா எங்கே கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குப் பயணம் கிளம்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பட்டியல் முழுமையானது அல்ல. என் நாக்குக்குப் பிடித்தவற்றையும், நேப்பிள்ஸின் பழக்கத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

பீட்சாதான் எல்லா ஊரிலும் கிடைக்கிறதே, அதற்காக நேப்பிள்ஸ் வரை போக வேண்டுமா?

போக வேண்டும். நம் ஊர்ச் சங்கிலிக் கடைகளில் கிடைக்கும் பண்டத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. நேப்பிள்ஸ் பீட்சாவின் மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இந்த நான்கு மட்டுமே சேரும். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. பிசைந்த மாவைக் குறைந்தது எட்டு மணி நேரம், பல கடைகளில் ஒரு நாள்வரை புளிக்க விடுகிறார்கள். பிறகு உருட்டுக்கட்டையைத் தொடாமல், விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போகிறார்கள். மாவுக்குள் இருக்கும் காற்று ஓரத்தில் போய்ச் சேர்கிறது. அடுப்பில் வைத்ததும் அந்த ஓரம் குபுக்கென்று உப்பி எழுகிறது. அதற்குக் கோர்னிச்சோனே என்று பெயர்.

அடுப்பு விறகு அடுப்பு. அதன் சூடு 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பீட்சா உள்ளே இருப்பதோ 60 முதல் 90 வினாடி. அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் நீண்ட கரண்டியால் அதைத் திருப்பித் திருப்பி, எல்லாப் பக்கமும் ஒரே அளவு தீ படும்படி பார்த்துக்கொள்ள ஒருவர் அடுப்பின் வாயிலேயே நிற்கிறார். மாவை விரிப்பவர் வேறு, அடுப்பைப் பார்ப்பவர் வேறு. இரண்டு வேலைக்கும் ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

1984இல் இந்த ஊரில் தொடங்கிய அசல் நேப்பிள்ஸ் பீட்சா சங்கம் இந்த முறைகளை எழுத்தில் வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் மரபு உணவு என்ற பாதுகாப்பை அளித்தது. 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இருப்பது பீட்சா அல்ல, பீட்சா செய்கிறவரின் கலை. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. மாவையும் தக்காளியையும் எந்த ஊருக்கும் அனுப்பிவிடலாம். அந்தக் கை நேப்பிள்ஸில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு வேளைதான் நேரம் இருக்கிறது. எந்தக் கடைக்குப் போவது?

வியா தெய் திரிபுனாலி என்ற தெருவுக்குப் போங்கள். அங்கே எந்தக் கடையில் வரிசை உங்கள் பொறுமைக்கு அடங்குகிறதோ அங்கே நுழையுங்கள். ஒரு கடையின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அந்தத் தெருவில் அப்படி என்ன இருக்கிறது?

கிரேக்கர்கள் நேப்பிள்ஸை நிறுவியபோது போட்ட தெருக்களில் ஒன்று இது. நகரத்தின் குறுக்கே நேர்கோடாக ஓடுகிறது. ரோமானியர் காலத்திலும் இதுவே பெரிய தெரு. 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் பழைய நகரத்தின் நடு நரம்பு என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் உயர்ந்த வீடுகள், மேலே துணி காயும் கொடிகள், கீழே ஸ்கூட்டர்களின் இரைச்சல், மூலைக்கு மூலை மாடம் வைத்த புனிதர் சிலை. அதற்கு நடுவில் பீட்சாக் கடைகள்.

32ஆம் எண்ணில் சோர்பில்லோ இருக்கிறது. 1935இல் தொடங்கிய குடும்பக் கடை. அந்தக் குடும்பத்தில் 21 பிள்ளைகள், அத்தனை பேரும் பீட்சாத் தொழிலுக்கே வந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. இங்கே தட்டுக்கு அடங்காமல் வெளியே வழியும் அளவுக்குப் பெரிய பீட்சா தருகிறார்கள். வாசலில் நிற்பவரிடம் பெயர் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உரக்கக் கூப்பிடுவார்கள். உங்கள் தமிழ்ப் பெயர் நீளமாக இருந்தால் சுருக்கிச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் அது எப்படி மாறி ஒலிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது நல்லது.

94ஆம் எண்ணில் தி மத்தேயோ. 1936இல் தொடங்கியது. 1994இல் ஜி-7 மாநாட்டுக்கு வந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் இந்தக் கடையில் சாப்பிட்டுப் போனார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்த பண்டங்களும் மடித்த பீட்சாவும் அடுக்கி வைத்திருப்பார்கள். உட்கார நேரமில்லாத உள்ளூர்க்காரர்கள் அங்கேயே வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். நானும் அப்படிச் செய்யவே விரும்புவேன்.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே தெருவில் பியோ மோன்தே தெல்லா மிசெரிகோர்தியா என்ற சிறிய தேவாலயம் இருக்கிறது. பசித்தவருக்கு உணவிடுதல், இறந்தவரை அடக்கம் செய்தல் உள்ளிட்ட ஏழு கருணைச் செயல்களையும் ஒரே ஓவியத்தில் காட்டி இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த படம் அங்கேதான், பீடத்துக்கு மேலே தொங்குகிறது. 1607ஆம் ஆண்டின் ஓவியம். அதில் வரும் இருண்ட சந்தும் நெரிசலும் நீங்கள் அப்போதுதான் நடந்து வந்த தெருவின் சாயலிலேயே இருக்கும். பசியோடு அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சாப்பிட்ட நாளை நான் மறக்கவில்லை.

எல்லோரும் சொல்லும் தா மிக்கேலே கடை அந்தப் புகழுக்குத் தகுதியானதா?

தகுதியானது. கொந்துர்ரோ குடும்பம் 1870 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. வியா சேசரே செர்சாலேயில் உள்ள இப்போதைய கடை 1930 முதல் அங்கேயே நடக்கிறது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நெடுங்காலம் அங்கே மரினாரா, மார்கரீட்டா என்று இரண்டே வகைதான். இப்போது ஓரிரண்டு சேர்ந்திருந்தாலும் மனப்பாங்கு மாறவில்லை. பளிங்கு மேசை, பச்சை வெள்ளைச் சுவர் ஓடுகள், அலங்காரம் எதுவும் இல்லை. ஒரே மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டியிருக்கும்.

போனதும் வரிசையில் நிற்காதீர்கள். முதலில் உள்ளே போய் எண் அச்சிட்ட சீட்டை வாங்குங்கள். அது தெரியாமல் வெளியே நிற்கும் வெளியூர்க்காரர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். பகல் 11 மணிக்குக் கடை திறக்கும் நேரம், அல்லது மாலை 4 மணிவாக்கு கூட்டம் குறைவாக இருக்கும். எண் மிகத் தள்ளி இருந்தால் பக்கத்திலேயே 1923 முதல் நடக்கும் திரியனோன் இருக்கிறது. அங்கே மனநிறைவோடு சாப்பிடலாம்.

மார்கரீட்டா பீட்சா ஓர் அரசியின் பெயரால் வந்தது என்பது உண்மையா?

கதை இது: 1889 ஜூனில் இத்தாலியின் அரசி மார்கரீட்டா நேப்பிள்ஸில் தங்கியிருந்தபோது ரஃபயேலே எஸ்போசிதோ என்பவர் மூன்று வகை பீட்சா செய்துகொடுத்தார். தக்காளி, மொசரெல்லா என்ற மென்மையான பாலாடைக்கட்டி, திருநீற்றுப்பச்சிலை மூன்றும் சேர்ந்தது அரசிக்குப் பிடித்துப்போக, அதற்கு அவர் பெயரையே வைத்தார். நாட்டுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று விளக்கமும் சேர்ந்துகொண்டது. கியாயா தெருவை ஒட்டிய பிராந்தி கடையில் அரண்மனை அனுப்பிய நன்றிக் கடிதத்தைச் சட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தின் நம்பகத்தன்மையை வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அரசி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மொசரெல்லாவும் திருநீற்றுப்பச்சிலையும் நேப்பிள்ஸ் பீட்சாவில் இருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. பெயர் சூட்டிய கதை எப்படியோ, அந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்தது இந்த ஊரின் ஏழைத் தெருக்கள் என்பதே என் எண்ணம். பிராந்திக்குப் போவதானால் வரலாற்றுக்காகப் போங்கள்.

நான் சைவம். எனக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலர் அரைகுறைத் தகவலோடு போய் மனம் வருந்துகிறார்கள்.

மரினாராவைக் கேளுங்கள். பெயரில் கடல் இருந்தாலும் அதில் மீன் கிடையாது. மீனவர்களோடும் மாலுமிகளோடும் தொடர்புபட்ட பெயர், அவ்வளவே. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய். பாலாடைக்கட்டிகூட இல்லை. ஆகவே பால் பொருள் தவிர்ப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். சமாளிப்புக்காக இதைச் சொல்லவில்லை. மறைத்துக்கொள்ளப் பாலாடைக்கட்டி இல்லாததால் மாவின் புளிப்பும் தக்காளியின் இனிப்பும் தீயின் மணமும் நேராக நாக்குக்கு வருகின்றன. ஒரு கடையின் தரத்தை மரினாராவில் கண்டுபிடித்துவிடலாம். எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

மார்கரீட்டாவில் இறைச்சி இல்லை. ஆனால் பல கடைகளில் அதன்மேல் பெக்கொரினோ அல்லது பார்மிசான் தூவுவார்கள். அந்தப் பாலாடைக்கட்டிகளைச் செய்யும்போது பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். நேப்பிள்ஸ் இருக்கும் காம்பானியா மாநிலத்தின் முத்திரை பெற்ற எருமைப்பால் மொசரெல்லாவுக்கும் கன்றின் இரைப்பைப் பொருளே விதி. இது உங்களுக்குத் தடையென்றால் மார்கரீட்டாவைத் தவிர்ப்பதே நேர்மையான வழி. தடையில்லை என்றால் கவலையின்றிச் சாப்பிடுங்கள்.

இறைச்சி வேண்டாம் என்பதற்குச் ‘சென்சா கார்னே’ என்று சொல்ல வேண்டும். ஆனால் பன்றித் தொடைத் துண்டையும் நெத்திலி போன்ற உப்பு மீனையும் சிலர் ‘கார்னே’ என்ற சொல்லுக்குள் கணக்கிட மாட்டார்கள். ஆகவே ‘புரொஷூட்டோ’, ‘அலீச்சி’ என்ற சொற்களைப் பட்டியலில் பார்த்தால் விலகிக்கொள்ளுங்கள். ஃபிரியாரியெல்லி என்று ஒரு கசப்புக் கீரை உண்டு, நேப்பிள்ஸுக்கே உரியது. வழக்கமாகப் பன்றிக் கொத்திறைச்சியோடு சேர்த்தே பீட்சாவில் போடுவார்கள். இறைச்சியில்லாமல் கீரை மட்டும் போட்டுக் கேளுங்கள். பாகற்காயை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய விருந்து.

பெப்பரோனி பீட்சா கேட்டேன், குடைமிளகாய் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. இத்தாலிய மொழியில் ‘பெப்பரோனி’ என்றால் குடைமிளகாய்தான். அமெரிக்கர்கள் அந்தப் பெயரை இறைச்சிக்கு வைத்துவிட்டார்கள். காரமான பன்றி இறைச்சி வில்லைகள் உள்ளதை ‘தியாவோலா’ என்று கேட்க வேண்டும். வெறும் காரம் மட்டும் வேண்டுமானால் ‘ஓலியோ பிக்காந்தே’ என்ற மிளகாய் எண்ணெயைக் கேட்டுப் பாருங்கள். அதையும் முதல் நான்கு வாய்க்குப் பிறகு கேளுங்கள் என்பேன். தக்காளியின் சுவை தெரியும் முன்னரே காரத்தை ஊற்றிவிட்டால் இவ்வளவு தொலைவு வந்ததற்குப் பயன் இல்லை.

நடுப்பகுதி ஈரமாகவும் ஓரம் கருகியும் இருக்கிறதே, சரியாக வேகவில்லையா?

அதுதான் அதன் பக்குவம். நடுவில் மாவின் கனம் மில்லிமீட்டர் கணக்குதான். மேலே தக்காளிச் சாறும் எண்ணெயும் மொசரெல்லாவின் பால்நீரும் கலந்து தேங்கும். கையில் எடுத்தால் துண்டின் நுனி தொங்கும். ஓரத்தில் தெரியும் கரும்புள்ளிகளைச் சிறுத்தைப் புள்ளி என்கிறார்கள். நன்றாகப் புளித்த மாவின் கொப்புளங்கள் தீயில் பட்ட இடம் அது. அடிப்பாகம் முழுவதும் கரிந்து கசந்தால் மட்டும் அது பிழை.

மொறுமொறுப்பாக வேண்டுமானால் ‘பென் கோத்தா’ என்று சொல்லலாம், கொஞ்சம் கூடுதலாக வைத்து எடுப்பார்கள். ஆனால் ரோமில் மெல்லிய, அப்பளம்போல் நொறுங்கும் பீட்சாவே மரபு. மொறுமொறுப்பை அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எருமைப்பால் மொசரெல்லா போட்டதுதான் உயர்ந்ததா?

விலையில் உயர்ந்தது. எனக்கோ பீட்சாமேல் பசும்பால் மொசரெல்லாதான் பிடிக்கும். அதை ‘ஃபியோர் தி லாத்தே’, அதாவது பாலின் பூ, என்று அழைக்கிறார்கள். அஜெரோலா மலைப்பகுதியில் செய்வது பெயர்பெற்றது. எருமைப்பால் மொசரெல்லா அடுப்பில் அதிகம் நீர் விடும், மாவு சொதசொதத்துப் போகும். அதைத் தனியாக வாங்கி, சமைக்காமல், கத்தி வைத்தால் பால் வழியும் பதத்தில் சாப்பிட வேண்டும்.

பொரித்த பீட்சா என்று ஒன்று இருக்கிறதாமே?

பித்சா ஃப்ரித்தா. இரண்டாம் உலகப் போரில் நேப்பிள்ஸ் கடுமையான குண்டுவீச்சைச் சந்தித்தது. அடுப்புகள் இடிந்தன, மொசரெல்லாவின் விலை ஏழைகளுக்கு எட்டாமல் போனது. வீட்டில் இருக்கும் மாவை மூடி ஒட்டி எண்ணெயில் போட்டால் காற்று நிறைந்து பெரிதாக உப்பும், வயிறும் நிறையும். தெருத்தள வீட்டு வாசலில் சட்டியை வைத்துப் பெண்கள் பொரித்து விற்றார்கள். ‘இன்று தின்னு, எட்டாம் நாள் காசு கொடு’ என்ற கடன் ஏற்பாட்டில் விற்றதால் அதற்கு ‘எட்டு நாள் பீட்சா’ என்றே ஒரு பெயர் உண்டு. கையில் காசில்லாத ஊர் தன் பசியை இப்படி ஆற்றிக்கொண்டது என்பதை நினைத்துக்கொண்டு அதைச் சாப்பிடுங்கள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா மசர்தோனா 1945 முதல் இதையே தொழிலாகச் செய்துவருகிறது. மரபான பூரணத்தில் ரிக்கோத்தா, புகையூட்டிய புரோவோலா என்ற பாலாடைக்கட்டி வகைகள், மிளகு, அவற்றோடு ‘சிக்கோலி’ என்ற பன்றிக் கொழுப்புத் துணுக்குகளும் இருக்கும். வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூடாகக் கடித்தால் உள்ளிருந்து ஆவி முகத்தில் அடிக்கும், குழந்தைகளிடம் கொடுக்கும்போது கவனம்.

பழைய நகரத்துக்கு வெளியே நல்ல கடைகள் உண்டா?

உண்டு. கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு அவையே மேல். மெட்ரோவில் மத்தெர்தேய் நிலையத்தில் இறங்கினால் 1901 முதல் நடக்கும் ஸ்தாரீத்தா. அங்கே ‘மொந்தனாரா’ கேளுங்கள். மாவை முதலில் பொரித்து, பிறகு தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்து அடுப்பில் காட்டி எடுப்பார்கள். மொந்தேசாந்தோ சந்தைக்கு அருகே அத்தீலியோவில் ஓரம் முழுக்க ரிக்கோத்தா பொதிந்த நட்சத்திர வடிவ பீட்சா கிடைக்கும். மெர்ஜெல்லீனா கடற்கரைப் பக்கம் ‘50 கலோ’ என்ற கடை. நேப்பிள்ஸ்காரர்கள் கனவுக்கு எண் பார்த்து லாட்டரி கட்டும் பட்டியலில் 50 என்றால் ரொட்டி, ‘கலோ’ கிரேக்கத்தில் நல்லது. மாவின் மென்மையில் இன்று அதை மிஞ்சும் கடைகள் குறைவு.

சனித்தா பகுதியில் கொன்செத்தினா ஐ த்ரே சாந்தி இருக்கிறது. வறுமையோடு நெடுங்காலம் போராடிய பகுதி அது. முன்பின் தெரியாத ஒருவருக்காக ஒரு காப்பிக்குக் கூடுதலாகப் பணம் கட்டிவிட்டுப் போகும் பழக்கம் நேப்பிள்ஸில் உண்டு. அதையே இந்தக் கடை பீட்சாவுக்கும் கொண்டுவந்திருக்கிறது. உங்களால் முடிந்தால் ஒன்றுக்குக் கட்டிவிட்டு வாருங்கள்.

எவ்வளவு செலவாகும்?

மரினாராவோ மார்கரீட்டாவோ பெரும்பாலும் 5 முதல் 8 யூரோவுக்குள் முடியும். உட்கார்ந்து சாப்பிட்டால் ‘கோப்பெர்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேரும், அது முறையான கட்டணமே. டிப்ஸ் கட்டாயமில்லை. ஒருமுறை துறைமுகப் பக்கம் ஓர் உணவகத்தில் விலைப்பட்டியலில் இல்லாத தொகையொன்று என் பில்லில் ஏறியிருந்தது. கேட்டதும் கழித்துக் கொடுத்தார்கள். ஆகவே பில்லை வாசித்துப் பாருங்கள்.

எந்த நாளில் போகக் கூடாது?

பழைய கடைகள் சில ஞாயிறன்று திறப்பதில்லை. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய விடுமுறை வாரங்களில் பல கடைகள் மூடியிருக்கும். போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத கடையில் நுழையலாமா? எதைப் பார்த்து நம்புவது?

அடுப்பைப் பாருங்கள். தெருவிலிருந்தே தீ தெரிகிறதா, மாவு உருண்டைகள் மரப்பெட்டியில் வரிசையாக இருக்கின்றனவா, விரிப்பவர் கையால் விரிக்கிறாரா என்று பாருங்கள். பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு சந்தேகம் கொள்ளுங்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற இடம் வேண்டாம். வேலை உடையோடு வந்த உள்ளூர்க்காரர்கள் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்து போகிற கடை என்றால் யோசிக்காமல் உள்ளே போங்கள்.

கையால் சாப்பிடலாமா?

தட்டில் வருவதை வெட்டாமல் முழுதாகவே வைப்பார்கள். கத்தியால் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் வேலை. ஈரமான நுனியை முள்கரண்டியால் முடித்துவிட்டு, ஓரத்தைக் கையில் எடுக்கலாம். ஆளுக்கு ஒன்று என்பதே அங்கே வழக்கம். தெருவில் விற்கும் சிறிய பீட்சாவை நான்காக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். பணப்பைபோல் மடிப்பதால் ‘போர்த்தஃபோல்யோ’. அதைக் கையில்தான் சாப்பிட முடியும். சாறு வழியும், கொஞ்சம் முன்னால் குனிந்துகொள்ளுங்கள்.

பார்சல் வாங்கி விடுதிக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அட்டைப் பெட்டிக்குள் ஆவி தேங்கி, உப்பிய ஓரம் சில நிமிடத்தில் அமுங்கி ரப்பர்போல் ஆகிவிடும். உள்ளே இடமில்லை என்றால் பெட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தேவாலயப் படிக்கட்டில் உட்காருங்கள். நேப்பிள்ஸ் மாணவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மூடியைத் திறந்து, புகை அடங்குவதற்குள் தொடங்கிவிடுங்கள்.